இன்ஸ்பெக்டரின் மீசையும் எங்கள் முதல் இதழும்

என் மைத்துனன் செல்லையாவின் கல்யாணத்தை ஒரு பொய் சொல்லி நிறுத்தியவன் நான்.

அந்த நாளில் தென்காசி பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் வழவழப்பான பத்திரிகைகள் கொடியில் காயப்போட்ட துணிபோலத் தொங்கும். வாங்காதவர்கள்கூட அட்டையை ஒருமுறை தடவிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த எனக்கு, நம் ஊருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசிரியர் நான். விளம்பரம் பிடிப்பது, அச்சகத்துக்கு அலைவது எல்லாம் செல்லையா. இதழின் பெயர் 'மினுமினு'. (சிரிக்காதீர்கள். ஒரு வாரம் யோசித்து வைத்த பெயர்.)

செல்லையாவுக்கு வடகரையில் பெண் பேசி முடித்திருந்தோம். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். தென்னந்தோப்பும் காதுவரை போகும் மீசையும் வைத்திருந்தார். வருங்கால மருமகனுக்காகத் தன் படத்தோடு ஒரு முழுப்பக்க வாழ்த்து கொடுத்தார். அதற்கு எதிர்ப்பக்கத்தில் முகப் பவுடர் விளம்பரத்துப் பெண்.

வெளியீட்டு விழா குற்றாலத்தில், நல்ல சீசனில். சிவகாசியிலிருந்து செல்லையா பாலிதீன் சுற்றி, தார்ப்பாய் மூடிக் கொண்டுவந்த கட்டுகளை, முதல்நாள் மாலை அருவிக்கு எதிரே லாட்ஜ் அறையில் இறக்கினோம். அவன் நாற்காலிக்குச் சொல்லப் போனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லாக் கட்டுகளையும் பிரித்து, கட்டில், மேஜை, தரை என்று பரப்பி, மை வாசனையில் முகம் புதைத்தேன். என் பத்திரிகையும் அருவியைப் பார்க்கட்டும் என்று ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, படுக்கப் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். (சாரல் காலத்தில் இங்கே கட்டிய வேட்டியே காயாது என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும்.)

காலையில் அட்டைகள் பளபளவென்றுதான் இருந்தன. அடுக்கி ரிப்பன் கட்டினேன்.

தலைமை விருந்தினர் இன்ஸ்பெக்டர். மேடையில் தன் பக்கத்தைத் தேடினார். சாரல் ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் நெம்பினார், நகத்தால் கீறினார், கடைசியில் ஒரே இழுப்பு. பக்கம் பிரிந்தது. மீசை மட்டும் அவரை விட்டுப் போய், பவுடர் பெண்ணின் மேலுதட்டில் குடியேறியிருந்தது.

"எம் மீசைய எங்கலே?" என்றார் செல்லையாவிடம்.

கூட்டம் சிரித்தது. யார் நனைத்தது என்று கேட்டார். என் வாய் முந்திக்கொண்டது: "செல்லையாதான் வேன்ல கொண்டுவந்தான். தார்ப்பாய் சரியா மூடலை போல."

செல்லையா என்னைப் பார்த்தான். அக்காள் புருஷனைச் சபையில் பொய்யனாக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"நாலு கட்டு பேப்பர நனையாம கொண்டாரத் தெரியாதவன் எம் மவள எப்படிலே காப்பாத்துவான்?" என்று இன்ஸ்பெக்டர் எழுந்து போனார். கல்யாணப் பேச்சும் அவரோடு போயிற்று.

மற்ற பளபளப்பு இதழ்களின் மவுசு ஏறி இறங்கப் பல வருஷம் ஆயிற்று. இன்று அந்தக் கடைகளில் சார்ஜர் வயர்தான் தொங்குகிறது. எங்களுடையது ஒரே காலையில் ஏறி இறங்கிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. செல்லையா என்னை அத்தான் என்று கூப்பிடுவதை நிறுத்தியதுதான் தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வடகரைக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவியபடி கேட்டார்.

"பொய்யச் சபையில சொன்னீரு. நெசத்த எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி, சார்வாள்? கல்யாணத்துல மைக்கப் பிடிச்சுச் சொல்லும். பொண்ணு தாரேன்."

சொன்னேன். தாலி கட்டி முடிந்ததும், வேர்த்து வழிய, ஜன்னல் முதல் மீசை வரை சொன்னேன். பந்தலே சிரித்து அடங்கியபின், பெண்ணின் பெரியம்மா அட்சதை போட்டு வாழ்த்தினார்: "அத்தான் புஸ்தகம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருங்க. எவன் இழுத்தாலும் பிரியப்படாது."

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்த மணமக்களுக்கும் அதுதான் வாழ்த்து. போன ஆவணியில் என் பேத்திக்கும் அதையே சொன்னார்கள்.

செல்லையா மறுபடி அத்தான் என்றே கூப்பிடுகிறான். அந்தக் காலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் "வாங்க அத்தான்" என்பான். பிறகு எழுந்துபோய், வெயில் காலமானாலும், ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்காருவான்.