கீல் கழன்ற இரண்டு கைகள் குறித்துச் சம்பந்திக்கு

நெய்வேலி

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சிங்காரவேல் அவர்களுக்கு, பெரியண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், காந்திமதி, எங்கள் நான்கு முழங்கைகள் உட்பட அனைவரும் நலம். அங்கும் யாவரும் நலமென நம்புகிறேன்.

பேத்தி எழில்மதியின் காதுகுத்தில், மஸ்கட்டில் இருக்கும் என் மகனுக்குப் பதிலாகத் தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் பிடிக்க என்னால் இயலாது, தேதியைத் தள்ளி வையுங்கள் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும்.

நடந்தது இதுதான். மைன்ஸில் முப்பத்தொரு வருடம் கன்வேயர் பராமரிப்பில் இருந்தவன் நான், ஆடக் கூடாதது ஆடினால் உடனே நிறுத்தி எழுதிவைப்பது பழக்கம். சமையலறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விடும்போது, முழங்கையும் கீல்தானே, மடக்கலாம் நீட்டலாம், அவ்வளவுதானே என்று கையைப் பார்த்தால், உள்ளங்கை மேலும் கீழுமாகப் புரளுகிறது. கதவு அப்படிப் புரண்டால் கீல் கழன்றுவிட்டது என்று பொருள். இடது கையும் புரண்டது. ஆக, இரண்டும் போயிற்று. இரண்டையும் துண்டால் கட்டிக்கொள்ள ஒரு கையாவது வேண்டுமே, காந்திமதியைக் கூப்பிட்டேன், நீயும் திருப்பிக் காட்டு என்றேன். "நாப்பது வருஷமா இந்தக் கையாலதான் தோசைய திருப்பிக்கினு இருக்கேன், இது ஒடஞ்ச கையா?" என்றாள். அவளுக்கும் வந்துவிட்டதே என்று பயம் கூடியது. தங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும், அவளே என் இரண்டு கைகளையும் துண்டால் கட்டிவிட்டாள்.

ஆறாம் நாள் அடுத்த தெரு பிசியோதெரபிஸ்ட் செங்குட்டுவன் வந்து கட்டை அவிழ்த்தார்.

"சார், முன்கையில எலும்பு ரெண்டு. ஒண்ணு மேல ஒண்ணு உருளும். கீலுக்குப் பக்கத்துலயே சுழல்ற மூட்டும் இருக்குது. அது இல்லன்னா சோறு வாய்க்கு எப்படிப் போவும்?"

"தோள் எல்லாப் பக்கமும் சுற்றுகிறதே?"

"கிண்ணத்துல உருண்டை சார் அது. சுத்தத்தான் செய்யும்."

"கட்டைவிரல்?"

"டீய குடிக்க வுடுங்க சார்."

எனக்கு உயிர் வந்தது. குழந்தை எட்டு கிலோ என்று மகள் சொன்னதால், எட்டு கிலோ அரிசியை மடியில் வைத்து, தலைப்பக்கத்தை ஆடாமல் பிடித்துப் பார்த்தேன். நன்றாகவே பிடித்தேன். அரிசி அழவில்லை என்பது மட்டும் குறை. முதலில் குறித்த ஞாயிற்றுக்கிழமையையே உறுதி செய்யுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், பேத்திக்கு எங்கள் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
பெரியண்ணன்

பி.கு.: மண்டை ஓட்டு எலும்புகள் தைத்ததுபோல் ஒட்டியவை, அந்த மூட்டுகள் அசைவதே இல்லை என்றும் செங்குட்டுவன் போகும்போது சொன்னார். இப்போது முறுக்கு மென்றுகொண்டே நெற்றிப்பொட்டில் விரல் வைத்தேன். அசைகிறது. இரண்டு பக்கமும். காது குத்தும் பத்தரிடம் ஞாயிற்றுக்கிழமை என்று இன்னும் சொல்ல வேண்டாம். தாங்களும் எதையாவது மென்று பார்த்து, தங்களுடையது எப்படி என்று உடனே தெரிவிக்கவும்.