சேவ் அண்ணாத்தேயும் சத்தமில்லாத கம்ப்யூட்டரும்

பூந்தமல்லிக்குள் கவலை என்று ஒன்று நுழைந்தால், முதலில் சேவ் அண்ணாத்தேயிடம் ஆஜர் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போகும். மழை வந்தால் கரண்ட் போய்விடுமே என்று கவலை. வராவிட்டால் வெயிலில் கம்ப்யூட்டர் சூடாகுமே என்று கவலை. இரண்டும் இல்லாத மார்கழியில், “இன்னா இவ்ளோ நல்லா போய்க்கினு கீது?” என்று கவலை.

டிரங்க் ரோட்டை ஒட்டிய சந்தில் கல்யாண வீடியோ எடிட் செய்து ஆல்பம் போட்டுத் தரும் கடை அவருடையது. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அவர் மனைவி ஆக்னஸ் அக்காவே அதை மறந்திருப்பார். திரையில் எதையாவது ஒரு மயிரிழை நகர்த்தினாலும் உடனே சேவ் பட்டனைத் தட்டுவதால் வந்த பெயர்தான் நிலைத்தது. கம்ப்யூட்டர் முன்னால் இல்லாதபோதும் விரல் நிற்காது. ஒருமுறை கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவர், கிடைத்த மன்னிப்பு அழிந்துவிடக் கூடாது என்று பெஞ்சில் இரண்டு விரலால் தட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கடையில் ஆல்பத்துக்கும் அழைப்பிதழுக்கும் தமிழ் அடித்துக் கொடுப்பது என் வேலை. ஒற்றுப்பிழை பார்ப்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் டீச்சரம்மா.

பழைய கம்ப்யூட்டர் பாகம் பாகமாக வாங்கிக் கோத்தது. அதன் பக்கமூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருப்பார். காற்று அதற்கு, வேர்வை எங்களுக்கு. வெட்டி ஒட்டிய காட்சிகளையெல்லாம் சேர்த்து ஒரே வீடியோவாக்குவதை ரெண்டர் என்பார்கள். அந்த நேரத்தில் அது மாவு மில் மாதிரி இரையும். அண்ணாத்தே பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவார். பல நாள் ஜெபமாலை முடியும், வீடியோ முடியாது. திரை வேறு எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டும். அதைச் சரிசெய்வதாக நினைத்து இவர் நீலத்தைக் கூட்ட, அச்சாகி வந்த ஆல்பத்தில் மணப்பெண் பாம்பு கடித்தவள் போல நிற்பாள். பெண் வீட்டார் கடைக்கு வந்து கத்துவார்கள். அண்ணாத்தே ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

அப்போதுதான் அம்பத்தூர் ஷோரூம் ஒன்றில் அவர் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“மேல் தட்டுல கீறது சினிமாக்காரனுக்கு, டீச்சரம்மா. அத வாங்கி வச்சா, கடைல அதுக்குத்தான் மரியாத, நமக்கு இல்ல. கீழ கீறது பில்லு போடுறவனுக்கு. நடுவுல ஒன்னு கீது பாரு...” என்று நிறுத்துவார். பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையின் குரல் அது.

கைக்கடக்கமான டப்பா. கேமரா கார்டு சொருக முன்பக்கமே வாய். பழையதைப் போல மேஜைக்கு அடியில் தவழ வேண்டாம். நிறத்தை நிறமாகக் காட்டும் திரை. முழுக் கல்யாணத்தையும் மூச்சு வாங்காமல் தாங்கும் என்றார்கள். அண்ணாத்தே நம்பவில்லை. ஏதாவது சாக்கில் அம்பத்தூருக்குப் போய் அதன் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருவார். “தும்மல் பட்டா இதுக்கு இன்னா ஆவும் தம்பி?” என்று அவர் கேட்டதிலிருந்து, விற்பனைப் பையன் அவரைக் கண்டாலே சாப்பிடப் போய்விடுவான்.

கடைசியில் ஆக்னஸ் அக்காதான் கையைப் பிடித்து இழுத்துப்போய் வாங்க வைத்தார். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார் அண்ணாத்தே.

“எம் பொண்ணு பொறந்து ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டாந்தப்போ பைக்ல வந்த மனுசன்!” என்றார் அக்கா.

வாங்கிய பிறகாவது நிம்மதி வந்ததா? புதுக் கம்ப்யூட்டர் சத்தமே போடவில்லை. அதுவே புதுக் கவலை ஆயிற்று.

“மூச்சு கீதா பாரும்மா. ஒன்னுமே கேக்கல!” என்று நிமிடத்துக்கு ஒருமுறை டப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

“எனுக்கு ஜொரம் வந்தா தொட்டுப் பாக்க மாட்டாரு” என்றார் அக்கா என்னிடம்.

இந்த நிலையில்தான் ஜாஸ்மின் கல்யாணம் வந்தது. ஜாஸ்மினின் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர். மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் கோவிலிலிருந்து போனில் நேரலையாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தோம். சிக்னல் நின்றுவிட்டது. தாலி கட்டிய நேரம் முழுக்க அந்த அம்மா பார்த்தது, அசையாமல் நின்றுபோன சாமியாரின் ஒரு காதை மட்டும்தான். ஜாஸ்மின் அழுத அழுகையில் அண்ணாத்தேக்கு வாய் தவறிவிட்டது.

“அழாத கண்ணு. சாயங்காலமே அம்மாக்கு மொத்தத்தையும் காட்டிடறேன்.”

சொல்லிவிட்டு, யார் பேசியது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

வரவேற்பு செம்பரம்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில். கடையிலேயே முடித்துப் பென் டிரைவில் கொண்டுபோகலாம் என்றேன்.

“ரோட்டுல லாரி கீது, பள்ளம் கீது. பென் டிரைவு எங்கனா வுழுந்துட்டா?”

“கம்ப்யூட்டருக்கும் அதே லாரி, அதே பள்ளம்தானே அண்ணா?”

“அத நான் புடிச்சிக்குவேன்ல!”

ஆக, கம்ப்யூட்டர், திரை, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் பழைய யுபிஎஸ் எல்லாம் மண்டபத்துக்கு வந்தன. சமையல்கட்டை ஒட்டிய காய்கறி அறையில் இடம் கொடுத்தார்கள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அண்ணாத்தே வெட்டினார், ஒட்டினார், சேவ் செய்தார். அந்த அம்மாவுக்கு மாலையில் கொஞ்ச நேரம்தான் போன் பேச அனுமதி. அந்த நேரம் நெருங்க நெருங்க அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக ரெண்டர் போட்டுவிட்டு ஜெபமாலையை எடுத்தார்.

சமையல்கட்டில் யாரோ சட்னிக்குப் பெரிய கிரைண்டரைப் போட்டார்கள். டப்பென்று மண்டபமே இருண்டது. யுபிஎஸ் கீக், கீக் என்று கத்தத் தொடங்கியது. அண்ணாத்தே இரண்டு கைகளாலும் கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜெனரேட்டர் ஆளைத் தேடி ஓடினேன். அவர் பந்தியில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தால் திரையில் வேலை முடிந்ததாக ஒரு வரி.

“முடிஞ்சிடுச்சு அண்ணா!”

“பொய் சொல்லுது. ஜெபமாலைல மொத பத்து மணியே இன்னும் உருட்டல. இன்னொரு தபா போடலாம்.”

“யோவ்!” என்றார் வாசலில் நின்ற ஆக்னஸ் அக்கா. “அந்த அம்மா லைன்ல கீறாங்க!”

பின்னாலேயே ஜாஸ்மின் முழு அலங்காரத்தோடு வந்து வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து, போனைத் திரைக்கு நேராகப் பிடித்தாள். வீடியோ ஓடியது. யுபிஎஸ் கத்துவது வேகமானது. ஜாஸ்மின் கோவில் படி ஏறினாள், பீடத்தின் முன்னால் நின்றாள், தலை குனிந்தாள். மாப்பிள்ளையின் கை தாலியோடு முன்னால் வந்தது. போனுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு விம்மல்.

“பொடவ... நான் எடுத்து அனுப்புன அதே சந்தனக் கலரு. அப்டியே கீது ஜாஸ்மினு.”

அண்ணாத்தே திரையைப் பார்க்கவே இல்லை. யுபிஎஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். வீடியோ முடிவதற்குள் விளக்குகள் எரிந்தன. அந்த அம்மா, இதைச் செய்தவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அண்ணாத்தே வாங்கி, “பயப்படாதீங்கம்மா, இன்னொரு காப்பி கீது” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பந்தியிலும் அவர் விரல்கள் சேவ் தட்டுவதை நிறுத்தாததில் சோறு இலைக்கும் வாய்க்கும் நடுவிலேயே சிந்தியது. ஆக்னஸ் அக்கா பிசைந்து ஊட்டினார். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

இப்போது நான் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். கடையை ஐயப்பன்தாங்கல் பக்கம் மாற்றிவிட்டார்கள். என் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. தினமும் சாயங்காலம் அந்த இடம் வரும்போது ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பேன். ஷட்டர் திறந்திருந்தால் சரி. மூடியிருந்தால், வீடு போய்ச் சேர்வதற்குள் ஆக்னஸ் அக்காவுக்குப் போன் போட்டுவிடுவேன்.