லிஃப்டிலிருந்து இடது பக்கம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, உன் மருமகள் மூன்று பேரும் சௌகரியம். அங்கே நீயும் அண்ணியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் காரும் சௌகரியம் என்று வழக்கம்போல அடுத்த வரியில் எழுதியிருப்பேன். அந்த ஒரு வரியை எழுத முடியாததால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "சரி சரி, விஷயத்துக்கு வா" என்பாய். நேராக விஷயத்துக்கு வந்தால் எனக்கு அழுகை வந்துவிடும்.

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, பல்கூடத் துலக்காமல், இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு கீழே பார்க்கிங்குக்குப் போனது. ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். உன் இரண்டாவது குறிப்பில் சொன்னபடி. நேற்று சாயங்காலம் நீ போனில், வியாழக்கிழமை வருகிறாய், பத்து நாள் இருப்பாய், அப்புறம் போனால் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும் என்றாய். அதுவரை காரும், பக்கத்து வீட்டில் விட்டிருக்கும் அண்ணியின் இருபத்திரண்டு செடித்தொட்டிகளும், உங்கள் வீட்டுச் சாவியும் என்னிடமே இருக்கட்டும் என்றாய். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா, பொறுப்பு?" என்றாய். நான் சரி என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் என் வாய் தானாகச் சரி என்று சொல்லிவிடும்.

அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கு ஒன்பது வயது. ரயில் நிலையத்தில் என்னைப் பெட்டிகளுக்குக் காவல் வைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனீர்கள். ரயில் வந்தது, நீங்களும் ஓடி வந்தீர்கள். எண்ணிப் பார்த்தால் பதினோரு பெட்டியில் ஒன்று குறைகிறது என்று நான் யாரையும் ஏற விடவில்லை. ரயில் போய்விட்டது. அப்புறம்தான் தெரிந்தது, பதினோராவது பெட்டிமேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சித்தப்பா கிண்டலாக வைத்த பெயரைக் குடும்பம் முழுக்க நிஜம் என்று எடுத்துக்கொண்டது. இப்போது என் அலமாரியில் உன் கார் சாவி, பெரியம்மா பெண்ணின் சான்றிதழ்கள், சித்தப்பாவே விட்டுவிட்டுப் போன, பூட்டு எண் மறந்துபோன ஒரு சூட்கேஸ் எல்லாம் இருக்கின்றன. சூட்கேஸுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் நினைவில்லை. ஆறு வருஷமாகத் தூசி தட்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்து வாரத்துக்கு முன்னால் நீ வந்து காரை விட்டுப் போன அன்று நான் நூலகத்தில் இருந்தேன். சாவியையும், நீ கைப்பட எழுதிய ஒன்பது குறிப்புகளையும் உன் மாப்பிள்ளைதான் வாங்கி வைத்தார். கார் எங்கே என்று போனில் கேட்டேன். "உள்ள வந்ததும் இடது பக்கம், தூணுக்குப் பக்கத்துல, சாம்பல் கலர் கவர் போட்டிருக்கேன்" என்றாய். நீ சரிவில் காரில் இறங்கி உள்ளே வந்தவன். நான் லிஃப்டில் இறங்கி உள்ளே வருகிறவள். இரண்டும் எதிரும் புதிருமான வாசல்கள், அண்ணா. உன் இடது பக்கம் எனக்கு வலது பக்கம். என் இடது பக்கத்திலும் ஒரு தூண் இருந்தது, தூணுக்கு அருகில் சாம்பல் நிறக் கவர் இருந்தது, கவருக்குள் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. இருபத்தோரு வருஷமாகக் கல்லூரி நூலகத்தில் முப்பதாயிரம் புத்தகங்களுக்கு எண் ஒட்டி, ஒன்று இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிற உன் தங்கை, அந்தக் காரின் நம்பர் பிளேட்டை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. துடைத்தேன், பளபளவென்று துடைத்தேன், படிக்கவில்லை.

முதல் சனிக்கிழமையே சாவியை அழுத்தினேன், கதவு திறக்கவில்லை. துளையில் விட்டுத் திருப்பினேன், திரும்பவில்லை. அறிவுள்ள யாருக்கும் அப்போது சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்தது நிம்மதி. ஏனென்றால் உன் ஏழாவது குறிப்பு, வாரம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விட வேண்டும் என்கிறது. சாவியைத் திருப்பினால் கார் தானே கிளம்பிப் போய்ச் சுவரில் மோதும் என்று இந்த நாற்பத்து நான்கு வயதிலும் நம்புகிறவள் நான். சாவிக்குள் இருக்கிற பேட்டரி தீர்ந்திருக்கும், அடுத்த வாரம் மாற்றலாம் என்று வெளிவேலையை மட்டும் செய்தேன். கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்கி, ஈரத் துணியால் தூசியெடுத்து, டயரைக் காலால் உதைத்துக் காற்றுப் பார்த்து, எல்லாம். அன்று மத்தியானம் உனக்கு "ஸ்டார்ட் செய்தேன்" என்று செய்தி அனுப்பினேன். நீ "சத்தம் எப்படி?" என்று கேட்டாய். "சீராக" என்றேன். அதற்கப்புறம் பதின்மூன்று சனிக்கிழமையும் சீராகத்தான் இருந்தது. ஒன்பதாவது வாரம் மட்டும், எப்போதும் ஒரே பதிலாக இருந்தால் நம்ப மாட்டாய் என்று, "கொஞ்சம் இருமுகிறது" என்று எழுதிவிட்டேன். நீ அங்கிருந்து போன் போட்டு இருபது நிமிடம் வைத்தியம் சொன்னாய். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் குணமாகிவிட்டது என்று சொன்னதும் "பாத்தியா" என்று நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். இல்லாத நோயை வரவழைத்து நானே குணப்படுத்தியும் விட்டேன்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. ஒரு வாரம் டயரெல்லாம் சேறாக இருந்தது. நிறுத்தி வைத்த காரில் சேறு எப்படி வரும் என்று ஒரு நிமிடம் யோசித்து, தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். இன்னொரு வாரம் பின் கண்ணாடி ஓரத்தில் தலையாட்டும் நாய்ப் பொம்மை ஒன்று முளைத்திருந்தது. உன் ரசனை இவ்வளவு மோசமா, இத்தனை நாள் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று வருத்தப்பட்டேன். ஐந்தாவது வாரம் கவர்மேல் ஒரு புது ஷாம்பு டப்பாவும் இரண்டு மெத்துத் துணிகளும் இருந்தன. குடியிருப்போர் சங்கத்தில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று மனசுக்குள் அவர்களைப் பாராட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை நீ வரப்போகிறாய் என்ற பயத்தில் நேற்று ராத்திரியே கடிகாரக் கடையில் சாவிக்குப் புதுப் பேட்டரி போட்டு வைத்திருந்தேன். கழுவி, துடைத்து, முன்பக்கத்துக்குப் பாலிஷ் போட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்து, தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆன பிறகு, வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற பானெட்டைத் திறக்கலாம் என்று சாவியை அழுத்தினேன். என் முன்னால் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பின்னால், லிஃப்டுக்கு அந்தப் பக்கம், எதிர்த் தூணின் ஓரத்தில் ஏதோ "கீ" என்று முனகியது. மறுபடி அழுத்தினேன். மறுபடி முனகியது. தூசியேறிக் கறுத்துப்போன ஒரு கவருக்கு அடியில் மஞ்சள் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. காய்ச்சலில் இருக்கிற பிள்ளை கடைசி பெஞ்சிலிருந்து "உள்ளேன் ஐயா" சொல்கிற மாதிரி. நான் நாலு தடவை அழுத்திப் பார்த்தேன். நாலு தடவையும் வருகையைப் பதிவு செய்தது.

சாவியை நீட்டிக்கொண்டு சிலை மாதிரி நிற்கும்போது நாலாவது மாடிக்காரர் நடைப்பயிற்சி முடித்து வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான் பழக்கம்.

"சாவி வேலை செய்யலையாம்மா?"

"செய்யுது சார். அங்க செய்யுது."

அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இது உங்க வண்டியா சார்?"

"ஆமாம்மா."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரமே பாத்தேன். நீங்க அவ்வளவு ஈடுபாடா தேய்ச்சிட்டிருந்தீங்க. நடுவுல புகுந்து சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்."

"பதினஞ்சு வாரமா சார்?"

"மூணாவது வாரத்துக்கு மேல சொல்லியிருந்தா எனக்கில்ல சங்கடம்?" என்றார். என் வாளியைக் காட்டி, "அதான் ஷாம்பு வாங்கி வச்சேன்" என்றார்.

இதற்கு மேல் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நியாயமாக நான் வாளியைத் தூக்கிக்கொண்டு உன் காரிடம் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவர் காரில் முன்பாதி கண்ணாடி மாதிரி மின்னுகிறது, பின்பாதி மங்கலாக இருக்கிறது. அரைகுறையாக விட மனசு வரவில்லை. அவர் வேண்டாம் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார். டிக்கி வரைக்கும் பாலிஷ் போட்டு முடித்து, துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டுத்தான் உன் காருக்குப் போனேன்.

உன் கார் எப்படி இருந்தது என்றால், கவரை இழுத்ததும் எனக்கு ஏழெட்டுத் தும்மல். மேலே போகும் குழாய் சொட்டிச் சொட்டிக் கூரையில் சோப்பு நுரை காய்ந்த மாதிரி வெள்ளைத் திட்டு. முன் டயர் ஒன்று தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. வைப்பர் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. கதவைத் திறந்தால் எறும்பு வரிசை, ஸ்டியரிங்கில் ஏறி, இறங்கி, பின்சீட்டுக்குப் போகிறது. அங்கே நீ பாதி தின்றுவிட்டு வைத்த பிஸ்கட் பாக்கெட்டும், ஈரத்தோடு மடக்கி வைத்து இப்போது பூசணம் பிடித்திருக்கிற குடையும் இருந்தன. அந்த இரண்டும் உன் தப்பு. இந்தக் கடிதத்தில் என் தப்பில்லாதது அவை மட்டும்தான் என்பதால் தனியாகச் சொல்கிறேன். மனசைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்து சாவியையும் திருப்பினேன். கார் சுவரில் மோதவில்லை. டிக் டிக் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அடங்கிவிட்டது.

மெக்கானிக் பதினொரு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் மாப்பிள்ளையிடம் சொன்னதற்கு, உண்மையைச் சொல்லிவிடு, சாவியை நான் வாங்கினேன் என்பதை மட்டும் விட்டுவிடு என்றார். உன் மருமகள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. சொன்னால் கார் என்னை விட்டுப் போகும், பொறுப்பு என்ற பேரும் போகும். சொல்லாவிட்டால் இரண்டும் என்னிடம் இருக்கும், இரண்டு வருஷத்துக்கு, இருபத்திரண்டு செடியோடு. முப்பத்தைந்து வருஷப் பேர் அண்ணா, விட மனசு வருமா? இருந்தாலும் எழுதிவிட்டேன். உன் காரைக் கவனிக்க எனக்குத் தகுதியில்லை. தயவுசெய்து நீ போகும்போது வேறு யாரிடமாவது விட்டுப் போ.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உனக்கு மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது பொறுமையையும் தரட்டும்.

உன் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: மணி ஐந்து. மேலே எழுதியதெல்லாம் இனிமேல் தேவையில்லை. மெக்கானிக் வந்தார். எத்தனை நாளாக ஸ்டார்ட் செய்யவில்லை என்று கேட்டார். பதினைந்து வாரம் என்று முதல் தடவையாக ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நாலாவது மாடிக்காரர் தன் காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். அந்தப் பேட்டரியிலிருந்து ஒயர் மாட்டியதும் உன் கார் கிளம்பிவிட்டது. சத்தம் நிஜமாகவே சீராக இருக்கிறது. டயருக்குக் காற்று, வைப்பருக்குப் புது ரப்பர், எறும்புக்கு மருந்து எல்லாம் ஆயிற்று. கூரைத் திட்டு மூன்றாவது பாலிஷில் போயிற்று. நீ பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒன்றும் அகப்படாது. மெக்கானிக் இரண்டு காரையும் பார்த்துவிட்டு, "வேற வண்டி ஏதாவது இருந்தா அனுப்பட்டுமா மேடம்?" என்று கேட்டார். அப்போதும் என் வாய் சரி என்று சொல்லப் போனது. நல்லவேளையாகத் தும்மல் வந்துவிட்டது.

ஆக, காரைக் கவனிக்க எனக்குத் தகுதி இருக்கிறது. மூன்று மணி நேரம் தேய்த்துக்கொண்டே யோசித்ததில் ஒன்று தெரிந்தது. முடியாது என்று சொல்வதற்கு ஆறு பக்கம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதனால் இதைத் தபாலில் போடவில்லை. காரின் முன்பெட்டியில், வண்டிப் புத்தகத்துக்கு அடியில் வைக்கிறேன். வியாழக்கிழமை சாவியை உன் கையில் கொடுப்பேன். பத்து நாள் கழித்து நீ அதைத் திருப்பி நீட்டும்போது வாங்க மாட்டேன். காரணமும் சொல்ல மாட்டேன். உன் மாப்பிள்ளைக்குக்கூட இது இன்னும் தெரியாது. மாதம் ஒருமுறை முன்பெட்டியைக் காலி செய்து துடைக்கவும் என்பது உன் ஒன்பதாவது குறிப்பு. இதை நீ இப்போது படிக்கிறாய் என்றால், அந்த வேலையை இப்போது நீதான் செய்கிறாய். ஈரத் துணியால் துடை, அண்ணா. காய்ந்த துணி கூடவே கூடாது.