கிளை தாங்கும் எடை

ஒரு காட்டில் தேனெடுப்புத் துறை என்று ஓர் அலுவலகம் இருந்தது. அதன் எழுத்துத் தேர்வில் மேகலா என்ற கரடி முதலிடம் வாங்கினாள். அவள் வம்சத்திலேயே படிவம் நிரப்பத் தெரிந்த முதல் கரடி அவள்தான். ஒரே ஒரு சிக்கல். தேன்கூடு தொங்கும் கிளை தாங்க வேண்டுமே என்று, எடை தொண்ணூறு கிலோவைத் தாண்டக் கூடாது என்றது சட்டம். மேகலா தொண்ணூற்று மூன்று. பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள்.

பதறியடித்துத் தேவாங்கு மாஸ்டரிடம் ஓடினாள். பிறந்ததிலிருந்தே ஒல்லி என்ற ஒரே தகுதியில் அவர் உடற்பயிற்சிக்கூடம் நடத்திவந்தார். அங்கிருந்த எதையும் அவர் தூக்கிப் பார்த்ததில்லை.

"வேர்வையா வர்றதெல்லாம் கரைஞ்ச கொழுப்பும்மா. நல்லா வேர்க்க விடு. சாயங்காலம் ஆறுக்கு மேல பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாது. படுத்தா சதை போடும், உட்கார்ந்தே தூங்கு."

"நீங்க என்ன சாப்பிடுவீங்க மாஸ்டர்?"

"விடிய விடியக் கரையான்தான்."

"நானும் அதேதானே சாப்பிடறேன்?"

"நீ தப்பா மெல்லுற."

மேகலா ரோமத்துக்கு மேலே கம்பளியும் போர்த்திக்கொண்டு உச்சி வெயிலில் ஓடினாள். கடைசி நாள் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அலுவலகத் தராசு எண்பத்தொன்பது காட்டியது.

"பாஸ். வேலை உத்தரவைக் காலையில வந்து வாங்கிக்கோம்மா" என்றார் குமாஸ்தா காட்டுப்பன்றி.

திரும்பும் வழியில் ஓடையைக் கண்டதும் அவளால் தாங்க முடியவில்லை. வயிறு முட்டக் குடித்தாள். சந்தேகம் வந்து, சந்தைத் தராசில் ஏறினாள். தொண்ணூற்று மூன்று!

விடிந்ததும் குமாஸ்தா முன்னால் நின்றாள்.

"சார், குறைஞ்சது கொழுப்பு இல்ல சார், வெறும் தண்ணி. இப்பப் பழையபடி ஏறிடுச்சு. நாளைக்குக் கிளை முறிஞ்சா உங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

பன்றி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எந்தக் கிளைம்மா? அது மூணு மழைக்கு முன்னாடியே விழுந்துடுச்சு. இப்ப வேற மரம். ஏணி போட்டுத்தான் எடுக்குறோம். சட்டத்துல மட்டும் கிளை இன்னும் நிக்குது."

"அப்போ என் வேலை, சார்?"

"என் காதுல போட்டுட்டியே தாயி, இனி சட்டப்படிதான் நான் போகணும்."

காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயர் தேவாங்கு மாஸ்டருடையது. வேலை அவருக்குப் போனது. அவரால் தேன்குடத்தைத் தூக்க முடியாததால், தூக்கிக்கொண்டு பின்னால் ஏணியேற மேகலாவைத் தினக்கூலிக்கு வைத்தார்கள். அந்த வேலைக்கு எடை வரம்பு கிடையாது.

நீதி: வேர்த்துக் குறைத்த எடை தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும், ஆகவே உத்தரவு கைக்கு வரும்வரை தாகத்தையும் உண்மையையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.