நாற்பத்து மூன்று மனுக்களும் நாலு டிஸ்க்கும்

ஒரு குடும்பத்தின் காகிதங்கள் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. என் மாப்பிள்ளைக்கு ஒரே கருத்துதான்: காகிதமே இருக்கக் கூடாது.

மாப்பிள்ளை ஒரு அலுவலகத்தில் பதிவேடுகள் பிரிவின் கண்காணிப்பாளர். அவருடன் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் வீட்டுக்கு ஒரு சர்வர் வைத்துக்கொண்டார்களாம். போன வருஷம் அவர்கள் எல்லோரும் மீன் தொட்டி வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் மீன்கள் வந்து, இருந்து, போயின. இந்த வருஷம் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. உள்ளே வரிசையாக நாலு டிஸ்க். வீட்டிலிருந்த காகிதம் அத்தனையையும் படம் பிடித்து அதற்குள் ஏற்றிவிட்டு, காகிதங்களையெல்லாம் கிழிக்கும் இயந்திரத்துக்குத் தின்னக் கொடுத்தார். அதில் என் நாற்பத்து மூன்று மனுக்களின் நகல்களும் அடக்கம்.

அந்த மனுக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு டிரான்ஸ்பார்மர் நின்று ரீங்காரம் போடுகிறது. பதினோரு வருஷமாகத் தற்காலிகமாக நிற்கிறது. நான் பம்ப் மெக்கானிக்காக இருந்தவன். முப்பது வருஷம் மோட்டார் சத்தத்தில் வாழ்ந்தவன்தான். ஆனால் அது சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்ட சத்தம். இதை நான் ஏன் கேட்க வேண்டும்? அதை நகர்த்தச் சொல்லி நாற்பத்து மூன்று மனு கொடுத்தேன். நாற்பத்து மூன்று முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. ஒன்றையும் நான் மறக்கவில்லை. பதிலில் கையெழுத்துப் போட்டவர்களையும் மறக்கவில்லை. கடைசியில் ஒருநாள் மின்சார அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. திங்கட்கிழமை பதினோரு மணி. தங்களிடமுள்ள ஆவணங்கள் அனைத்துடனும் வரவும்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலையில் பெட்டி அலற ஆரம்பித்தது.

மாப்பிள்ளை முதலில் அலறலை அணைத்தார். பிரச்சினையில் பாதி தீர்ந்தது. பிறகு ஒயரைக் கழற்றி மாட்டினார். திரையில் 'டிஸ்க் 2 பழுது' என்று வந்தது.

"பயப்படாதீங்க மாமா. இது பாரிட்டி முறை. நாலுல எது செத்தாலும், மிச்ச மூணும் சேர்ந்து அதுல என்ன இருந்ததுன்னு கணக்குப் போட்டுச் சொல்லிடும்."

"ரெண்டு செத்தா?"

"ரெண்டு ஏன் மாமா சாகணும்?"

புது டிஸ்க்கை வாங்கி வந்து, பழையதைக் கழற்றக் கை வைத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"மாப்பிள்ளை, எதைக் கழட்டினாலும் முதல்ல சாக்பீஸால ஒரு குறி போட்டுக்கணும். பம்ப்ல நாங்க..."

"மாமா, இது பம்ப் இல்ல."

ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணி, இரண்டாவதை உருவினார். புதியதைச் செருகினார். 'டிஸ்க் தொகுப்பைக் காணவில்லை. புதிதாக அமைக்கலாமா?' என்றது பெட்டி.

"பாருங்க, எவ்வளவு மரியாதையா அனுமதி கேக்குது! நாமதான் ஒப்புதல் கொடுக்கணும்." கொடுத்தார்.

'உள்ளவை அனைத்தும் அழியும். உறுதியா?'

"உறுதியான்னு கேக்குதே மாப்பிள்ளை?"

"அது எல்லாத்துலயும் கடைசியில போடுற வாசகம் மாமா. யாரும் படிக்கிறதில்ல." அதற்கும் கொடுத்தார்.

எழுபத்திரண்டு மணி நேரம் பாரிட்டி மறுகட்டமைப்பு நடக்கும் என்று பெட்டி அறிவித்தது. பிரிட்ஜ் கதவில் ஒரு சுற்றறிக்கை ஏறியது. மேற்படி காலத்தில் மிக்ஸி, வாஷிங் மெஷின் இயக்கப்படலாகாது. கதவுகள் சாத்தப்படலாகாது. மாமா இரும விரும்பினால் மொட்டை மாடியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

"துணியை என்ன பண்றது?" என்றாள் என் மகள்.

"மூணு நாள் பொறு."

"பிள்ளை பெத்துட்டு வந்தப்போகூட எனக்காக இந்த வீட்ல யாரும் மூணு நாள் சத்தம் போடாம இருந்ததில்ல."

வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு சதவீதத்தில் நின்று, இரண்டு மணி நேரம் அசையவே இல்லை. மாப்பிள்ளை என்னிடம் எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்டார்: 'இன்று காலை 10.40 மணிக்குத் தாங்கள் கூடத்தின் குறுக்கே நடந்ததன் நோக்கம் யாது?' 'ஒன்றுக்குப் போக' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக் கோப்பில் வைத்தார். காகிதக் கோப்பில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூறு ஆனது. 'மறுகட்டமைப்பு முழுமை பெற்றது. பிழைகள்: 0.' மாப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டினார். பிறகு திறந்து பார்த்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததை மூன்று நாள் பாடுபட்டு, ஒரு பிழைகூட இல்லாமல் காப்பாற்றியிருந்தது பெட்டி.

மகள் அதோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள். "ஏங்க, இதுல பூஜ்யத்துலேர்ந்து எண்ணுவாங்களாம். அது ரெண்டுன்னு சொன்னா நமக்கு மூணாவது. நல்லா இருந்ததைப் புடுங்கிப் போட்டுட்டு, செத்ததை உள்ளயே விட்டு வச்சிருக்கீங்க."

மாப்பிள்ளை புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார். "எங்க ஆபீஸ்ல ஒண்ணுலேர்ந்துதான் எண்ணுவோம். அதனால நான் நடைமுறைப்படிதான் நடந்திருக்கேன்" என்று முடித்தார்.

திங்கட்கிழமை வெறுங்கையோடு போனேன். அதிகாரியின் மேசையும் வெறுமையாகத்தான் இருந்தது.

"வாங்க ஐயா, வாங்க. உங்க நகலையெல்லாம் எடுங்க" என்றார் ஆசையாக.

"அசல் உங்ககிட்ட இருக்குமே சார்?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் எங்க சர்வர் போயிடுச்சு. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டதே. இத்தனை மனு கொடுத்தவர் ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தொலைக்க மாட்டார்னு மேலிடத்துல சொல்லி வச்சிருக்கேன்."

பதினோரு வருஷம் கழித்து என்னை மதித்துக் கூப்பிட்டார்கள் என்று இஸ்திரி போட்ட சட்டையில் போயிருந்தேன். கூப்பிட்டது என்னை அல்ல, என் நகலை.

"என்கிட்டயும் இல்ல சார்."

"அப்ப உங்க புகாரே இல்ல."

"டிரான்ஸ்பார்மர் நிக்குதே சார்?"

"நிக்குது. ஆனா அதை அங்க நிறுத்தி வைக்கச் சொன்ன உத்தரவும் அதே சர்வர்லதான் இருந்தது." அவர் முகம் மெல்ல வெளிறியது. "உத்தரவு இல்லாம ஒரு டிரான்ஸ்பார்மர் நிக்கக் கூடாதே!"

புதன்கிழமை காலை கிரேன் வந்து, நாற்பது நிமிஷத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போனது. அன்று மத்தியானம் நான் தூங்கிய தூக்கத்தைப் பதினோரு வருஷமாகத் தூங்கியதில்லை. விழித்தபோது வியர்த்துக் கொட்டியது. மின்விசிறி நின்றிருந்தது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெருவிலுள்ள இருபத்திரண்டு வீடுகளிலும்.

புது டிரான்ஸ்பார்மர் வேண்டுமானால் மனு கொடுக்க வேண்டும், எங்கே வைக்கலாம் என்று ஒவ்வொரு வீட்டாரும் கருத்துத் தெரிவிக்க வேண்டும் என்றது அலுவலகம். மனு எழுதத் தெருவில் யாருக்குக் கை பழகியிருக்கிறது? என் வாசலில் வரிசை நின்றது. என்னைத் திட்டிக்கொண்டேதான் நின்றார்கள்.

முதல் ஆளாக மூன்றாம் வீட்டுத் தையல்காரம்மா. "அண்ணே, உடனே வேணும்னு எழுதுங்க. மெஷின் ஓடாம கெடக்கு. ஆனா என் வாசல்ல வேணாம்னும் எழுதிடுங்க. அந்தச் சத்தத்தை எவன் கேப்பான்?"

"பதினோரு வருஷமா நான் கேட்டேனே?"

"உங்களுக்குப் பழகிடுச்சு அண்ணே."

எதிர்வீட்டு ஓவிய வாத்தியார் உடனே வேண்டும், ஆனால் தன் வீட்டெதிரே வேண்டாம் என்றார். அவருக்குப் பின்னால் நின்ற எல்லோருக்கும் அதே கருத்துதான். இருபத்தொரு மனுவையும் நானே எழுதினேன். 'செவிப்புலனுக்கு ஊறு', 'சயன அமைதிக்குப் பங்கம்' என்று ஒன்றைவிட ஒன்று நன்றாக வந்தது.

"அப்பா, நம்ம வீட்டுக்கு எழுதலையா?" என்றாள் மகள்.

"நமக்கெதுக்கும்மா? நாற்பத்து மூணு மனு கொடுத்தவன். என்னை அவங்களுக்குத் தெரியாதா?"

பத்தாம் நாள் கடிதம் வந்தது. 'இருபத்தொரு வீட்டாரின் ஆட்சேபங்கள் மிகத் திறம்பட எழுதப்பட்டிருந்தமையால் முழுமையாக ஏற்கப்பட்டன. தங்கள் வீட்டிலிருந்து எக்காலத்திலும் ஆட்சேபம் எதுவும் பெறப்பட்டதாகப் பதிவேடுகளில் இல்லை. ஆகவே தங்கள் ஜன்னலுக்கு எதிரிலேயே, முன்னதைவிடப் பெரிய டிரான்ஸ்பார்மர் நிறுவப்படும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

மறுநாளே வந்துவிட்டது. தெருவில் எல்லா விளக்குகளும் எரிந்தன. தையல்காரம்மா சிரித்த முகத்தோடு என் ஜன்னலுக்கு அடியில் வந்து நின்று, கைகூப்பி நெடுநேரம் என்னவோ சொன்னாள். நன்றியாகத்தான் இருக்கும். சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.