நாம் தின்ற ஆண் வாத்தைப் பற்றி

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி.

பிரியமுள்ள மச்சான் இசக்கிதுரை அவர்களுக்கு, சங்கிலிப்பாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை வசந்தியும் நலம். நீங்கள் தந்த வாத்தும் நலம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் வசந்தி காதில் விழும், நீங்களும் சிரிப்பீர்கள். அதனால் உங்கள் பக்கம் வரும் ஆலுவா லோடு வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் வீட்டு விருந்து நினைவிருக்கும். அங்கம்மாள் தங்கச்சி தேங்காய்ப்பால் விட்டு ஆண் வாத்தைக் குழம்பு வைத்தாள். நான் மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன். பெட்டை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. அதைச் சாக்கில் போட்டு எங்களிடம் தந்து, "சேவல் இல்லாத முட்டை பொரியாது மாப்பிள்ளை, அவிச்சுத் தின்னுங்க" என்றீர்கள்.

வந்த மறுநாளிலிருந்து தினம் ஒன்றாக ஒன்பது முட்டை. ஒன்றையும் எடுக்கவிடவில்லை. நான் காவல் காக்கும் பழைய இஞ்சி கிடங்கின் மூலையில், நெஞ்சு இறகைப் பிடுங்கி மெத்தை போட்டு அடை உட்கார்ந்துவிட்டது. நாளுக்கு ஒரு தடவை எழும்பி, தண்ணி குடித்து, தெருவே மூக்கைப் பொத்துகிற மாதிரி ஒரு எச்சம் போட்டுவிட்டுத் திரும்பவும் உட்காரும். வசந்தி போனால் பேசாமல் இருக்கும். நான் போனால் மட்டும் பாம்பு மாதிரி சீறும்.

அடை உட்கார்ந்த எட்டாம் நாள், பக்கத்தில் உணக்கமீன் என்று கருவாடு விற்கும் கடைக்கார மொய்து செல்போன் வெளிச்சத்தில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தார். ரெண்டு முட்டை வெறும் வெளிச்சம். ஏழில் சிவப்பு நரம்பு ஓடியது மச்சான், நடுவில் ஒரு கரும்புள்ளி துடித்தது! நான் கிடங்குக் கதவு வரைக்கும் பின்வாங்கிவிட்டேன். மொய்து சிரித்தார். "பேடிக்கண்டா, பயப்படாதீங்க பாண்டியண்ணே. பூவன் வாத்து போனாலும் அதோட வித்து ஒரு வாரம் பெடை வயித்துல கிடக்கும். கடைசி ரெண்டுக்குத்தான் எத்தல."

அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தின்றது நானல்லவா? என் வயிற்றில் போனவனுடைய பிள்ளைகள் கிடங்கில் வளருகின்றன.

இடி தாக்காமல் இருக்க அடைக்கூட்டில் ஒரு இரும்பும் கரித்துண்டும் போடுவோமே, நான் பயத்தில் அரைக்கிலோ ஆணியைப் போட்டேன். காலையில பாத்தா ஒரு ஆணிகூடக் கூட்டுல இல்ல, எல்லாம் என் செருப்புப் பக்கத்துல கிடக்கு. அதுக்கப்புறம் தினம் மழை விடுற சாயங்காலம் கிடங்குக்குள்ளேருந்து ஒரு சத்தம். பெட்டை கத்துறது எனக்குத் தெரியாதா? இது தொண்டை கட்டின மாதிரி கரகரன்னு, உங்க ஆண் வாத்து பேசுமே, அதே குரல். உள்ள போனா பெட்டை மட்டும் தலைய சாய்ச்சு எதையோ கேட்டுக்கிட்டு இருக்கு.

முட்டைகளைக் காயல் தண்ணியில விட்டுடலாம்னு வசந்திகிட்ட கேட்டேன். "மூணாவது தட்டு வாங்கும்போது இந்தப் பயம் எங்க போச்சு? அடையக் கலைச்சா உங்களுக்குச் சோறு கிடையாது"ன்னுட்டா.

இன்னிக்கு அடையோட இருபத்தேழாம் நாள் மச்சான், இருபத்தெட்டுல பொரிஞ்சிரும். நாளைக்குள்ள வந்து வாத்தையும் முட்டையையும் தூக்கிட்டுப் போயிருங்க. இல்லேன்னா நான் ஊருக்கு வண்டி ஏறிருவேன். எனக்கு நெஜமாவே பயமா இருக்கு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் கிணறு வற்றாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சங்கிலிப்பாண்டி

பின்குறிப்பு: லோடு வண்டி நேற்று வரவில்லை. வசந்தி கடைக்குப் போன நேரம் ஒரு முட்டையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு காயலோரம் போனேன். எறியக் கை ஓங்கும்போது முட்டைக்குள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். எறிய முடியவில்லை. கூட்டில் திரும்ப வைக்கப் போனால் பெட்டை கையைக் கொத்தி விரட்டிவிட்டது. பல்புக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே கிடந்தேன். இன்று காலை ஓடு உடைந்து, ஈரத்தோடு தலையைத் தூக்கி முதலில் என்னைத்தான் பார்த்தது. அப்போதிலிருந்து கழிப்பறை வரைக்கும் பின்னாலேயே வருகிறது. இதை எழுதும்போது கிடங்கில் அந்தக் கரகரப்புக் குரல் கேட்டது. குஞ்சு அந்தப் பக்கம் திரும்பவில்லை, என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. நீங்கள் வரவேண்டாம் மச்சான். வந்தாலும் இவனைத் தரமாட்டேன்.