பொனட்டும் நானும் ஒரு இன்டர்வியூவும்

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். வைஃப் செல்வியை டிக்கோயாவுல இருந்து ஹட்டனுக்குக் கொண்டுபோய் விடணும். பத்து மணிக்கு அவளுக்கு ஒரு கம்பனியில மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ.

நல்ல குளிர். சரி, நம்ம காருக்குத்தான் ரிமோட் ஸ்டார்ட் மாட்டியிருக்கோமேன்னு குசினியில அடுப்போரமா நின்னுக்கிட்டே பட்டனை அமுத்தினேன்.

லைட் ரெண்டு தடவை மின்னுச்சு. அவ்வளவுதான். எஞ்சின் மூச்சே விடல.

"சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்களேன்"னா செல்வி.

"ரிமோட் இருக்கும்போது சாவி எதுக்கு? ரெண்டு நிமிஷம் இரு!"

மேல் வீட்டு பண்டார மாத்தயா இறங்கி வந்தாரு. முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவரு. வந்ததும் பொனட்டைத் தூக்கி நிறுத்திட்டாரு. உள்ள எட்டிப் பார்த்துட்டு, "ஆயெத் ஒபன்ன!"ன்னாரு. திரும்பவும் அமுத்தச் சொல்றாரு. அமுத்தினேன். லைட் மட்டும்தான்.

அடுத்தது ஆரோக்கியம் அண்ணன். தோட்டத்து ஃபெக்டரியில எலக்ட்ரீசியன். "பெட்டரி போயிருக்கும் தம்பி"ன்னு அவரு வீட்டு எடை பாக்குற மெஷின்ல இருந்து வட்ட பெட்டரியைக் கழட்டி ரிமோட்டுல போட்டாரு.

லைட் இன்னும் பிரகாசமா மின்னுச்சு!

"பெட்டரி சரி. அப்ப சிக்னல்தான். ஒசரமா போய் அமுத்துங்க!"

நானும் தேயிலைக்குள்ள ஏறிட்டேன். படிச்ச மனுசன்! கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த அக்காமாரு எல்லாரும் நிமிர்ந்து பார்த்தாங்க.

"என்னா சேர் தேடுறீங்க?"

"காரை ஸ்டார்ட் பண்றேன்."

"கார் கீழயில்ல இருக்கு!"

அதுக்குள்ள கால்ல ரெண்டு அட்டை ஏறிருச்சு. கீழ பார்த்தா செல்வி ஒரு ஓட்டோவை மறிச்சு ஏறுறா. "செல்வி! இந்தா ஆயிரும்!"னு கத்துனேன். கை மட்டும் காட்டிட்டுப் போயிட்டா.

பெரிய மழை புடிச்சுச்சு. எஞ்சின் நனையுதேன்னு பண்டார மாத்தயா பொனட்டை 'டமார்'னு மூடினாரு. நான் கடுப்புல சும்மா பட்டனை அமுத்தினேன்.

ஸ்டார்ட்! ஆளில்லாத கார் உறுமுனதும் மாத்தயா "அம்மே!"ன்னு துள்ளி ரோட்டோரக் கானுத் தண்ணிக்குள்ள ஒரு காலை விட்டுட்டாரு.

ரிமோட் மாட்டுனவனுக்கு ஃபோன் போட்டேன். "பொனட் தொறந்திருந்தா ரிமோட்டுல ஸ்டார்ட் ஆகாது சேர், சாவியில ஆகும். பாதுகாப்புக்கு. லேசா தூக்கியிருந்தாலும் ஆகாது."

அப்பதான் வெளங்குச்சு. முதல் நாள் கண்ணாடி கழுவுற தண்ணி ஊத்திட்டு பொனட்டை நான் சரியா அமுக்கல. அந்தப் பழுதைக் கண்டுபுடிக்கத்தான் முழுசா தொறந்து வச்சு ஒரு மணித்தியாலம் ஆராய்ச்சி!

சேறும் ரத்தமுமா ஹட்டனுக்குப் போய்ச் சேந்தப்ப செல்வி சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தா.

"அவசரத்துல சரியான முடிவெடுத்த அனுபவம் ஒண்ணு சொல்லுங்கன்னாங்க. இன்னைக்குக் காலையில நடந்ததையே சொன்னேன்."

வேலை கெடச்சிருச்சு. அந்த ஒஃபீஸ்ல இன்னும் யாரும் என்னைய நேர்ல பார்க்கல. என் பேரைக் கேட்டாலே சிரிக்கிறாங்களாம்.